சென்னை டு சிகாகோ: பிசினஸ் கிளாஸ் எடுக்கலாமா, எடுத்தா யாருக்கு, எந்த லெக்குக்கு?

வருஷத்துல ரெண்டு சீசன்ல எனக்கு ஒரே கேள்வி வரும். மே மாசம் ஒரு தடவ, டிசம்பர்ல ஒரு தடவ. "அப்பா அம்மாவ வர வைக்கிறோம், பிசினஸ் கிளாஸ் போடலாமா, காசப் பாத்தா தல சுத்துது, ப்ரீமியம் எகானமி போதுமா?" போன வாரம் எங்க அத்தை பையனே கூப்ட்டு முக்கால் மணி நேரம் இதையே பேசினான். சிகாகோல இருக்கான், வைஃபுக்கு செப்டம்பர்ல டெலிவரி, அத்தையும் மாமாவும் ஆகஸ்ட்ல வராங்க, மாமாவுக்கு 71, அத்தைக்கு ரெண்டு முட்டியும் வலி. "மச்சான், ரெண்டு பேருக்கும் சேத்து அஞ்சாறு லட்சம் எக்ஸ்ட்ரா ஆகுது, குடுக்கலாமா கூடாதா, ஒரே வார்த்தைல சொல்லு"ன்னான். ஒரே வார்த்தைல சொல்ல முடியாததாலதான் இத டைப் பண்றேன்.

எல்லாரும் "பிசினஸா எகானமியா"ன்னு மொத்த டிக்கெட்டுக்கும் சேத்து ஒரு கேள்வி கேக்குறாங்க, அங்கதான் காசு போகுது. சென்னைல இருந்து அமெரிக்காவுக்கு நேரா ஃப்ளைட் கிடையாது, எப்படிப் போனாலும் போக ரெண்டு லெக், வர ரெண்டு லெக், ஆக நாலு ஃப்ளைட். நாலும் ஒரே மாதிரி இல்ல. ஒண்ணுல படுக்கை இருந்தா உயிர் திரும்பி வந்த மாதிரி இருக்கும், இன்னொண்ணுல அதே படுக்கை சும்மா கெடக்கும்.

## எத வெச்சு முடிவு பண்றது

நான் பாக்குறது இதெல்லாம்தான். முதல்ல, நெசமா எத்தன மணி நேரம் காலை நீட்டிப் படுப்பீங்க. ரெண்டாவது, போறது யார் உடம்பு, 28 வயசா 71 வயசா, இறங்குன மறுநாள் ஆபீஸ்ல மீட்டிங் இருக்கா இல்ல ஒரு வாரம் தூங்கி சமாளிக்கலாமா. மூணாவது, ஸ்க்ரீன்ல காட்டுற விலை இல்ல, கடைசில கார்டுல ஏறுற விலை. நாலாவது, பிளான் மாறுனா எவ்வளவு போகும் (டெலிவரி டேட்ட நம்பி டிக்கெட் போடுறவங்க இத ரெண்டாவதாவே வெச்சுக்கலாம்). அஞ்சாவது, நடுவுல மாறுற ஏர்போர்ட்ல என்ன பாடு.

சீட்டு எப்படி இருக்கும்னு ஒரு கணக்கு. எகானமில முன் சீட்டுக்கும் உங்க சீட்டுக்கும் 31, 32 இன்ச், சீட்டு அகலம் 17, 18 இன்ச். ப்ரீமியம் எகானமில அது 38, 40 இன்ச் ஆகும், அகலம் ஒரு இன்ச், ரெண்டு இன்ச் கூடும். நல்ல பிசினஸ் கிளாஸ்ல ஆறு அடிக்கு மேல தட்டையான படுக்கை. வித்தியாசம் எகானமிக்கும் ப்ரீமியம் எகானமிக்கும் நடுவுல இல்ல, உக்காந்து போறதுக்கும் படுத்துப் போறதுக்கும் நடுவுலதான் இருக்கு.

சரி, படுக்கிற மணி நேரத்த எண்ணுவோம். கல்ஃப் வழியா போனா சென்னைல இருந்து முதல் லெக் நாலு, நாலரை மணி நேரம், பெரும்பாலும் விடியக்காலைல கிளம்பும். ஏறி பெல்ட் போட்டு, மூணு மணிக்கோ நாலு மணிக்கோ தட்டுல சாப்பாடு வெச்சு எழுப்பி, இறங்குறதுக்கு முக்கால் மணி நேரம் முன்னாடி சீட்ட நிமித்த சொல்லி, நெசமா படுக்குறது ரெண்டு மணி நேரம் இருந்தா அதிகம். அடுத்த லெக் சிகாகோவுக்கு கிட்டத்தட்ட 15 மணி நேரம். அது பகல்ல கிளம்பினாலும் நீங்க முந்தின ராத்திரி பூரா மீனம்பாக்கத்துல முழிச்சிட்டு இருந்திருப்பீங்க, அதனால ஒம்போது மணி நேரம் படுக்கலாம். திரும்பி வரும்போது 13 மணி நேரம், சிகாகோல சாயங்காலம் ராத்திரின்னு கிளம்பும், அதுல ஒரு எட்டு. கடைசி லெக்குல மறுபடி ரெண்டு. மொத்தம் 21.

போக வர எகானமி 1.3 லட்சம், பிசினஸ் 4.3 லட்சம்னு வெச்சுக்கோங்க (சீசனுக்கு சீசன் மாறும், நான் பாத்ததுல நடுவாந்தரமா ஒரு நம்பர்). வித்தியாசம் 3 லட்சம். 21 மணி நேரத்தால வகுத்தா ஒரு மணி நேரத் தூக்கத்துக்கு 14 ஆயிரத்துக்கு மேல. நல்ல ஸ்டார் ஹோட்டல்ல ஒரு ராத்திரி வாடகை. இத மச்சான்கிட்ட சொன்னப்ப கொஞ்ச நேரம் லைன்ல சத்தமே இல்ல.

ஃப்ராங்க்ஃபர்ட் வழி கணக்கு வேற. அங்க சென்னை லெக்கே பத்து மணி நேரம், நடுராத்திரி தாண்டி கிளம்பும், தூங்குறதுக்குன்னே செஞ்சு வெச்ச மாதிரி. ஆனா அடுத்த லெக் ஒம்போது மணி நேரம் சொச்சம், பூரா பகல், சூரியன் கூடவே வரும், அதுல படுக்கைக்கு காசு குடுத்துட்டு படம் பாத்துட்டுதான் போவீங்க. அதாவது கல்ஃப் வழின்னா ரெண்டாவது லெக், ஐரோப்பா வழின்னா முதல் லெக்.

## எகானமி

சொன்னா நம்ப மாட்டீங்க, 40 வயசுக்குள்ள, உடம்புல ஒண்ணும் பிரச்சனை இல்ல, சொந்தக் காசுன்னா நான் இதையேதான் சொல்வேன். மிச்சமாகுற மூணு லட்சத்துல போன ஊர்ல என்னென்ன பண்ணலாம்.

ஆனா எகானமிலயே தேர்ந்தெடுக்க விஷயம் இருக்கு. போயிங் 777ல இப்ப பெரும்பாலும் ஒரு வரிசைக்கு 3-4-3, பத்து பேர். 787லயும் ஏ350லயும் வழக்கமா 3-3-3. அதோட இந்த ரெண்டு பிளேன்லயும் கேபின் காத்தழுத்தம் 6,000 அடி உயரத்துல இருக்குற மாதிரி வெச்சிருப்பாங்க, பழைய பிளேன்கள்ல 8,000 அடி வரைக்கும் போகும். இறங்கும்போது தலைவலி, அசதி கொஞ்சம் கம்மியா இருக்குறது எனக்கே தெரியுது. பிளேன் மாடல் பாத்து புக் பண்றதுக்கு பத்து பைசா செலவில்ல.

பக்கத்து சீட்ட காலியா வாங்குற வசதியும் இருக்கு. எதிஹாட்ல (அபுதாபி ஏர்லைன்ஸ்) பக்கத்து சீட்டுக்கு ஏலம் கேக்கலாம், எமிரேட்ஸ்ல காலி இருந்தா ஏர்போர்ட்லயே விப்பாங்க. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரு மூணு சீட்டுல போனா அத்தைக்கு காலை மடக்கி பெஞ்சு மாதிரி சாயலாம். இத யாரும் யோசிக்கிறதே இல்ல.

மறைமுக செலவு: சீட்டு செலக்ஷன். ரொம்ப சீப் ஃபேர்ல நடு சீட்டு தள்ளிவிட்ருவாங்க, ஐல் சீட்டு (நடைபாதை ஓரம்) வேணும்னா நாலு லெக்குக்கும் ஆளுக்கு தனித்தனியா கட்டணும்.

## ப்ரீமியம் எகானமி

இதப் பத்தி எனக்கு பெரிய அபிப்ராயம் இல்ல. எகானமிய விட ஒன்றரை மடங்கு, சில நேரம் ரெண்டு மடங்கு விலை, ஆனாலும் உக்காந்துதான் தூங்கணும். நீளமான ஆளு, அகலமான ஆளு, பகல் ஃப்ளைட்டு, இந்த மூணுல ஒண்ணு இருந்தா சரி. முட்டி வலிக்கு ஓரளவு உதவும், கால் வெக்க தாங்கி இருக்கும்.

முக்கியமா கத்தார்லயும் எதிஹாட்லயும் இந்த கிளாஸே கிடையாது. எமிரேட்ஸ்ல எல்லா பிளேன்லயும் இல்ல. லுஃப்தான்சா, பிரிட்டிஷ் ஏர்வேஸ்ல இருக்கு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்ல நீள லெக்குல இருக்கும், சென்னை சிங்கப்பூர் லெக்குல இருக்கும்னு நம்பாதீங்க, அங்க சாதா எகானமில உக்காந்துட்டு அப்புறம் மாறுவீங்க. ஆனா சிங்கப்பூர் நியூவர்க் ஃப்ளைட் வேற ரகம், அந்த ஏ350ல எகானமியே கிடையாது, 67 பிசினஸ், 94 ப்ரீமியம் எகானமி, அவ்ளோதான், பதினெட்டு மணி நேரத்துக்கு மேல. அங்க போறவங்களுக்கு "எகானமியா"ங்குற கேள்வியே வராது.

## முழு பிசினஸ் கிளாஸ்

நல்லாருக்குமான்னு கேட்டா, நல்லாருக்கும். கம்பெனி காசுல நாலு தடவ போயிருக்கேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனா பிசினஸ் கிளாஸ்னு போர்டு போட்டதெல்லாம் ஒண்ணில்ல.

கத்தார் 2017ல கொண்டு வந்த கியூசூட்ல கதவு இருக்கு, 1-2-1 வரிசை, எல்லாருக்கும் நேரா ஐல். அதே கத்தாரோட 787-8ல அது இல்ல. எமிரேட்ஸ் ஏ380ல மாடில 1-2-1, பின்னாடி குடிக்க ஒரு பார், போட்டோல வர்றதெல்லாம் அது. அதே எமிரேட்ஸோட மாத்தாத பழைய 777ல 2-3-2, அதாவது நாலு லட்சம் குடுத்துட்டு நடு சீட்டு! ஜன்னல் சீட்டுக்காரர் பாத்ரூம் போக தூங்குறவர் கால தாண்டணும். பிரிட்டிஷ் ஏர்வேஸ்ல 2019ல இருந்து கதவு வெச்ச கிளப் சூட், ஆனா மாத்தாத பிளேன்ல ஏறுனா முன்பின் தெரியாத ஆள எதிர் எதிரா பாத்துக்கிட்டு உக்காரணும், நடுவுல ஒரு தடுப்பு இருக்கும், டேக் ஆஃப் அப்ப இறக்கி வெச்சிருப்பாங்க, அந்த பத்து நிமிஷம் எங்க பாக்குறதுன்னே தெரியாது.

அதனால சீட்டு மேப் பாக்காம பிசினஸ் வாங்காதீங்க. பாத்து வாங்குனாலும் கடைசி நேரத்துல பிளேன மாத்தலாம், அதுக்கு ஏர்லைன்ஸ் பொறுப்பு ஏத்துக்காது.

மறைமுக செலவு இங்கதான் பெருசு. இந்தியாவுல எகானமி டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். எகானமி தவிர மத்ததுக்கு 12 இருந்தத 2025 செப்டம்பர் 22ல இருந்து 18 ஆக்கிட்டாங்க. மூன்றரை லட்சம் ஃபேருன்னா வரி மட்டும் 63 ஆயிரம், முன்னாடி 42 ஆயிரம். கம்பெனிக்கு ஜிஎஸ்டி நம்பர் இருந்தா ஆடிட்டர கேளுங்க, திரும்ப எடுக்க வழி இருக்கலாம். நம்ம வீட்டு ஆளுங்களுக்கு அது போனது போனதுதான்.

அடுத்தது, சீப்பா கெடைக்கிற பிசினஸ் ஃபேரு. சில ஏர்லைன்ஸ்ல ரொம்ப கம்மி பிசினஸ் ஃபேர்ல லவுஞ்சு கிடையாது, சீட்டு செலக்ஷன் கிடையாது, ஏர்போர்ட்டுக்கு கார் அனுப்புறது கிடையாது. சீட்டு மட்டும்தான் பிசினஸ். நாலு மணி நேரம் ட்ரான்சிட்ல லவுஞ்சு இல்லன்னா பாதி சுகம் போச்சு.

லக்கேஜ் பெருசா பேசுவாங்க. அமெரிக்கா ரூட்ல எகானமில வழக்கமா 23 கிலோ ரெண்டு பெட்டி, பிசினஸ்ல 32 கிலோ ரெண்டு பெட்டி. 18 கிலோ எக்ஸ்ட்ரா. பிரசவத்துக்கு வர்ற அம்மாக்களுக்கு இது பெரிய விஷயம்தான், அங்காயப் பொடில இருந்து இட்லி குக்கர் வரைக்கும் வரணும். ஆனா அதுக்காக மூணு லட்சமா? எக்ஸ்ட்ரா பெட்டி ஒண்ணு காசு கட்டி போடலாமே.

## அப்கிரேடு ஏலம்

எகானமி வாங்கிட்டு, ஏர்லைன் அனுப்புற மெயில்ல "இவ்ளோ தரேன், காலி இருந்தா பிசினஸ் குடு"ன்னு கேக்குறது. நீள லெக்குக்கு மட்டும் கேக்கலாம், அதான் இதோட அழகு. 80 ஆயிரத்துக்கு கெடைச்சா ஒம்போது மணி நேரத் தூக்கத்துக்கு மணிக்கு 9 ஆயிரத்துக்கும் கீழ வருது, முழு பிசினஸ விட நல்ல கணக்கு.

சிக்கல் என்னன்னா, நீங்க போடுற தொகை ஒரு ஆளுக்கு, ஒரு லெக்குக்கு. ரெண்டு பேருன்னா டபுள். ரெண்டு மூணு நாளைக்கு முன்னாடிதான் தெரியும், சில நேரம் அதுக்கும் அப்புறம். ஒத்துக்கிட்டாங்கன்னா அந்தக் காசு திரும்பாது. லக்கேஜும் மைல்ஸும் பெரும்பாலும் பழைய எகானமி டிக்கெட் படிதான்னு கண்டிஷன்ல எழுதியிருக்கும், பெட்டி கட்டுறதுக்கு முன்னாடி படிச்சுக்கோங்க. முன்னாடியே காசு கட்டி எடுத்த ஐல் சீட்டு காசும் போச்சு.

எனக்கு ஒரு தடவ ஏலம் கெடைச்சு, சந்தோஷமா ஏறுனா பிளேன் மாறிருச்சு, படுக்கை தட்டையா இல்ல, சறுக்கு மரம் மாதிரி சாய்வு, ராத்திரி பூரா வழுக்கி கீழ வந்துட்டே இருந்தேன். ஏர்லைன் பேரு வேணாம் விடுங்க, கம்ப்ளைண்ட் பண்ணேன், "அதுவும் பிசினஸ் கிளாஸ்தான் சார்"னு பதில் வந்துச்சு.

வயசானவங்களுக்கு இத நான் சொல்ல மாட்டேன். ஒருத்தருக்கு மட்டும் கெடைச்சு ரெண்டு பேரும் பிரிஞ்சு உக்காந்தா அத்தையும் மாமாவும் என்ன பண்ணுவாங்க?

## பாயிண்ட்ஸ், மைல்ஸ்

அமெரிக்காவுல நல்ல கிரெடிட் கார்டு இருக்குறவங்களுக்கு இதுதான் உருப்படியான வழி. சேஸ், அமெக்ஸ், சிட்டி, கேபிடல் ஒன் பாயிண்ட்ட சிங்கப்பூர் ஏர்லைன்ஸோட மைல்ஸ் ப்ரோகிராம் கிரிஸ்ஃப்ளையருக்கு மாத்தலாம். கத்தாரும் பிரிட்டிஷ் ஏர்வேஸும் ரெண்டுமே ஆவியோஸ்ங்குற ஒரே கரன்சி, அதுக்குள்ள மாத்திக்கலாம். இந்திய கார்டுலயும் சிலது மாத்த விடும்.

ஃப்ரீன்னு நெனைக்காதீங்க. வரியும் சர்சார்ஜும் (ஏர்லைன் மேல ஏத்துற கட்டணம்) கையிலருந்து கட்டணும், பிரிட்டிஷ் ஏர்வேஸ் சர்சார்ஜ் இதுக்குன்னே பேர் போனது. கார்டுல இருந்து ஏர்லைனுக்கு போன பாயிண்ட் திரும்பி வராது, அதனால சீட்டு இருக்கான்னு பாத்துட்டு மாத்துங்க, மாத்திட்டு தேடாதீங்க. கிரிஸ்ஃப்ளையர் மைல்ஸ் மூணு வருஷத்துல காலாவதி. கம்மி மைல்ஸுக்கு குடுக்குற சீட்டு ஒரு ஃப்ளைட்டுல ஒண்ணோ ரெண்டோதான் விடுவாங்க, மே டிசம்பர்ல அதுவும் இல்ல. டெலிவரி டேட்ட வெச்சுக்கிட்டு பாயிண்ட் சீட்டு தேடுறது, முகூர்த்தத்த வெச்சுக்கிட்டு மண்டபம் தேடுற மாதிரி. தேதி வளைஞ்சு குடுக்குறவங்களுக்குத்தான் இது.

## லெக்கு பாத்து கலந்து எடுக்குறது

நான் பெரும்பாலும் சொல்றது இதான். ஒரே டிக்கெட்ல சின்ன லெக் எகானமி, நீள லெக் பிசினஸ். இல்லன்னா போறது பிசினஸ், வர்றது எகானமி. வெப்சைட்ல பல நேரம் இத காட்டாது, ட்ராவல் ஏஜென்ட்டுக்கு போன் பண்ணுங்க, நல்ல ஏஜென்ட் பத்து நிமிஷத்துல பிரிச்சு போட்டு காட்டுவார். சில ரூட்ல முழு பிசினஸுக்கும் இதுக்கும் வித்தியாசமே இருக்காது, அப்ப பேசாம முழுசா வாங்கிக்கலாம். ரெண்டையும் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

தனித்தனி டிக்கெட்டா மட்டும் பிரிக்காதீங்க. கொழும்புல இருந்து பிசினஸ் சீப்பா கெடைக்குதுன்னு சில பேரு சென்னை கொழும்பு தனியா வாங்கிட்டு போறாங்க, விலை நெசமாவே பல நேரம் கம்மிதான், சின்னப் பசங்க செய்யலாம். முதல் ஃப்ளைட் லேட்டாகி அடுத்தது போயிருச்சுன்னா யாரும் பொறுப்பில்ல, பெட்டிய வெளிய எடுத்து மறுபடி போடணும், 71 வயசு மாமாவ வெச்சுக்கிட்டு இந்த வித்தையெல்லாம் வேணாம்.

| | படுக்கை | ஒளிஞ்சிருக்குற செலவு | பிளான் மாறுனா | யாருக்கு |
|---|---|---|---|---|
| எகானமி | இல்ல | சீட்டு செலக்ஷன் | நஷ்டம் சின்னது | சொந்தக் காசு, திடமான உடம்பு |
| ப்ரீமியம் எகானமி | இல்ல, கால் நீட்டலாம் | 18 சதவீத ஜிஎஸ்டி | நடுத்தரம் | நீளமான ஆளு, பகல் ஃப்ளைட் |
| முழு பிசினஸ் | நாலு லெக்கும் | ஜிஎஸ்டி, லவுஞ்சு இல்லாத சீப் ஃபேரு | ஃபேரப் பொறுத்து, போனா பெரிய தொகை | கம்பெனி காசு, இறங்குன உடனே வேல |
| ஏலம் | கேட்ட லெக்குல, கெடைச்சா | ஆளுக்கும் லெக்குக்கும் தனி | ஏலக் காசு திரும்பாது | தனி ஆளு |
| பாயிண்ட்ஸ் | கெடைச்சா | சர்சார்ஜ், காலாவதி | ஓரளவு மாத்தலாம் | தேதி பிரச்சனை இல்லாதவங்க |
| கலந்து | நீள லெக்குல | ஏஜென்ட் தேடுற நேரம் | ஃபேரப் பொறுத்து | வயசானவங்க |

## அப்பா அம்மா விஷயம் தனி

காலுல ரத்தம் கட்டிக்கும்னு பயந்துதான் பாதி பேரு பிசினஸ் போடுறாங்க. உலக சுகாதார நிறுவனம் 2007ல சொன்ன கணக்குப்படி நாலு மணி நேரத்துக்கு மேல அசையாம பயணம் பண்ணா அந்த ரிஸ்க் ரெண்டு மடங்கு ஆகுது, ஆனா மொத்தத்துல 6,000 பேர்ல ஒருத்தருக்குத்தான். காரணம் அசையாம இருக்குறது, சீட்டோட கிளாஸ் இல்ல. பிசினஸ்ல பத்து மணி நேரம் கட்ட மாதிரி படுத்தாலும் அதேதான். ஜன்னல் சீட்டுக்காரங்க எழுந்திரிக்க கூச்சப்பட்டு உக்காந்தே இருக்குறதுதான் பிரச்சனை, அதனால எகானமில ஐல் சீட்டு, ரெண்டு மணிக்கொரு தடவ நடை. ஏற்கனவே ரத்தக்கட்டு, சமீபத்துல ஆபரேஷன், கேன்சர்னு ஏதாவது இருந்தா டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி டாக்டர பாருங்க.

வீல்சேர் எந்த கிளாஸ்லயும் ஃப்ரீ, டிக்கெட் போடும்போதே கேளுங்க. நடக்க முடிஞ்சாலும் பரவால்ல, தெரியாத ஏர்போர்ட்ல கேட்டு தேடுற வேலை மிச்சம். கல்ஃப் ஏர்போர்ட்ல ஒரு கேட்ல இருந்து இன்னொரு கேட்டுக்கு நடக்குறது அத்தை முட்டிக்கு ஆகாது. இன்னொண்ணு, அபுதாபில அமெரிக்க இமிக்ரேஷன அங்கயே முடிச்சிடுவாங்க, 2014ல இருந்து இருக்கு. சிகாகோல இறங்குனா உள்ளூர் பயணி மாதிரி நேரா பெட்டி எடுக்கப் போகலாம். பதினஞ்சு மணி நேரம் கழிச்சு வரிசைல நின்னு ஆபீசருக்கு பதில் சொல்றத விட, நாலு மணி நேரம் கழிச்சு தெம்பா இருக்கும்போது சொல்றது நல்லது. என்னக் கேட்டா இது லவுஞ்ச விட பெரிய சுகம், காசும் இல்ல.

எங்கம்மாவ ஒரு தடவ கதவு வெச்ச சூட்ல வர வெச்சேன், பெரிய பெருமையா. ஏர்போர்ட்ல "எப்படிம்மா, நல்லா தூங்குனியா"ன்னு கேட்டா, "எங்கடா கண்ணா தூங்குறது, பெட்டிக்குள்ள போட்டு மூடின மாதிரி இருந்துச்சு, அப்பா அந்தப் பக்கம், தலை கூட தெரியல, எந்த பட்டன அமுக்குறதுன்னு தெரியாம உக்காந்தே வந்துட்டேன், பாவம் அந்தப் பொண்ணு அஞ்சு தடவ வந்து எதாவது வேணுமான்னு கேட்டுச்சு, எனக்கு கூச்சமா இருந்துச்சு"ன்னாங்க. ஜோடியா போறவங்களுக்கு நடு ரெண்டு சீட்டு எடுக்கணும்னு அப்பதான் உறைச்சது. வெஜ் சாப்பாடும் பிசினஸ்னா தானா வரும்னு விட்டுட்டேன், 24 மணி நேரம் முன்னாடியே சொல்லியிருக்கணும். எலுமிச்சை சாதம் கைப்பைல இருந்ததால பொழைச்சாங்க.

மச்சானுக்கு கடைசில இத சொன்னேன். அபுதாபி வழி, சென்னை அபுதாபி எகானமி, அபுதாபி சிகாகோ பிசினஸ்ல நடு ரெண்டு சீட்டு, தேதி மாத்துற ஃபேரா பாத்து எடு. திரும்பும்போது ஆறு மாசம் கழிச்சு, வந்து ரெஸ்ட் எடுக்க நேரம் இருக்கு, எகானமில ஐல் சீட்டு, பக்கத்து சீட்டுக்கு ஏலம் போடு. ரெண்டு பேருக்கும் வீல்சேர். ஏஜென்ட் போட்டுக் காட்டுன விலை, முழு பிசினஸ்ல பாதிக்கும் கொஞ்சம் மேல வந்துச்சு.

நேத்து மறுபடி கூப்ட்டான். அத்தை ஒத்துக்கிட்டாங்களாம், மாமாதான் "எனக்கு எகானமி போதும், அவளுக்கு மட்டும் போடு, மிச்சக் காசுல பேரனுக்கு செயின் வாங்கலாம்"னு பிடிவாதமா இருக்காராம். பேரனா பேத்தியான்னே இன்னும் தெரியாது. டிக்கெட் இன்னும் போடல.